072ல ஆரம்பிச்சு 634 வரைக்கும்: வீட்லயே ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் பண்ண கத

எங்க வீடு வேலூர் சத்துவாச்சாரில, ரெண்டே ரூம், அம்மா ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துடுவாங்க, பையன் பத்தாவது படிக்கறான், அதனால பாட்டு கேக்கணும்னா எனக்கு ராத்திரி பத்துக்கு மேல ஹெட்ஃபோன்லதான். மச்சான் துபாய்ல இருந்து வரும்போது ஒரு சென்ஹைசர் ஹெச்டி 600 கொண்டாந்து குடுத்தாரு. அது 300 ஓம் (கரண்டு ஓட்டத்த தடுக்கற அளவு). ஃபோன்ல சொருகி வால்யூம் முழுசா வச்சாலும் பக்கத்து தெருவுல கச்சேரி நடக்கற மாதிரிதான் கேட்டுச்சு. அப்போதான் நாமளே ஒரு ஆம்ப்ளிஃபயர் பண்ணிடலாம்னு இறங்குனேன். நாலு வருஷம் ஆச்சு, அஞ்சு டப்பா பண்ணியாச்சு, சிப் விஷயத்துல நான் எங்கெல்லாம் மாட்டுனேனோ அதெல்லாம் இதுல எழுதறேன், புதுசா பண்றவங்களுக்கு கொஞ்சம் காசும் நிறைய ராத்திரியும் மிச்சமாகும்.

முதல்ல பண்ணது சூ மோய்ங்கறவரோட சர்க்யூட், எல்லாரும் சிமோய்னு சொல்றது. ஒரு 9 வோல்ட் பேட்டரி, எட்டு கால் ஐசி ஒன்னு (சின்ன சிக்னல பெருக்கற ஆப்ஆம்ப்ங்கற சிப்), கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், அவ்ளோதான், ஒரு தகர டப்பாக்குள்ள அடங்கிடும். அதுல வழக்கமா போடறது ஓபிஏ 2134. லாங் பஜார் பக்கம் ஸ்பேர்ஸ் கடைல கேட்டா "அதெல்லாம் இல்லபா, 4558 கீது, 072 கீது, இன்னா வேணும்?"ன்னாரு. 2134க்கும் 072க்கும் கால் வரிசை ஒன்னுதானே, 8 பிளஸ், 4 மைனஸ், 1ம் 7ம் அவுட்புட், அப்புறம் இன்னான்னு டிஎல் 072 வாங்கிட்டு வந்து டாட் போர்டுல போட்டுட்டேன். 300 ஓம் ஹெட்ஃபோன்ல பிரமாதம். அன்னிக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் தூங்கல. மறுநாள் ஆபீஸ் பஸ்ல கேக்கறதுக்கு என்னோட சாதா இயர்ஃபோன சொருகுனேன், அது 32 ஓம், மிருதங்கம் அடிக்கும்போதெல்லாம் காகிதம் கிழியற மாதிரி சத்தம்.

ஏன்னு அப்போ புரியல, பேட்டரி போச்சுன்னு நெனச்சி புது பேட்டரி வாங்குனேன், அப்பவும் அதேதான். அப்புறம்தான் உக்காந்து கணக்கு போட்டேன். 32 ஓம்ல 1 வோல்ட் போகணும்னா 31 மில்லிஆம்ப் வேணும், அதோட உச்சி 44 மில்லிஆம்ப். அதே 1 வோல்ட் 300 ஓம்ல போனா மூனேகால் மில்லிஆம்ப்தான். 072ஓட டேட்டாஷீட்டே (கம்பெனி குடுக்கற விவரக் குறிப்பு) 2 கிலோஓம், 10 கிலோஓம் லோடுக்குதான் கணக்கு குடுக்குது, அது ஸ்பீக்கர் மாதிரி எதையும் தள்றதுக்கு செஞ்ச ஐசியே இல்ல. இன்னொன்னு, 9 வோல்ட்ட ரெண்டா பிரிச்சா பிளஸ்ஸும் மைனஸும் நாலரை நாலரை, அந்த ஐசி ரெண்டு ஓரத்துலயும் சுமார் 2, 3 வோல்ட்ட முழுங்கிடும், மிச்சம் கைல நிக்கறது ரொம்ப கம்மி. அதனால நான் இப்போ யாராச்சும் எந்த ஐசி நல்லதுன்னு கேட்டா முதல்ல கேக்கறது உங்க ஹெட்ஃபோன் எத்தன ஓம், பவர் எங்கேந்து வருது, இந்த ரெண்டும்தான். 300 ஓம்காரருக்கு வோல்ட்டு வேணும், 16, 32 ஓம்காரருக்கு கரண்டு வேணும். இத சொல்லாம ஐசி பேர மட்டும் சொல்றது, ஆள் அளவு தெரியாம சட்ட தெக்கற மாதிரி.

அடுத்த வாரம் காட்பாடில ஏலகிரி எக்ஸ்பிரஸ் புடிச்சி சென்னை போய் ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடி 5532 வாங்குனேன். என்இ 5532 600 ஓம தள்றதுக்குன்னே செஞ்சது, பழைய ஆடியோ மிக்சர்ல எல்லாம் இதான் இருக்கும், விலையும் கம்மி, சத்தமில்லாம வேல செய்யும். 072வ ஐசி பேஸ்லேந்து புடுங்கிட்டு இத சொருகுனேன். ஹெட்ஃபோன் போட்ட உடனே ஒரு டப்புனு சத்தம், அப்புறம் பாட்டு முன்னவிட மோசம், 300 ஓம்லயே கிழியுது. ஹெட்ஃபோன கழட்டிட்டு மல்டிமீட்டர் வச்சா பேட்டரி நடுப்புள்ளி (9 வோல்ட்ட ரெண்டா பிரிக்கற எடம்) சரியா நாலரைல நிக்குது. சொருகிட்டு பாத்தா மேல் பாதி 7 வோல்ட்டுக்கு கிட்ட, கீழ் பாதி 2 சொச்சம். மூனு நாள் இத வச்சிகினு மல்லாடுனேன். ஈயம் சரியில்லன்னு எல்லா காலையும் திரும்ப சூடு பண்ணேன், கெப்பாசிட்டர் லீக்குன்னு மாத்துனேன், ஒன்னும் ஆகல.

விஷயம் இதான். 2134ம் 072ம் உள்ள ஃபெட்ங்கற இன்னொரு வகை டிரான்சிஸ்டர் இன்புட், அதோட இன்புட் கால் கரண்டு குடிக்காதுன்னே சொல்லலாம். 5532 உள்ள சாதா டிரான்சிஸ்டர், ஒவ்வொரு இன்புட் காலும் சுமார் 200 நேனோஆம்ப் குடிக்கும், டேட்டாஷீட் 800 வரைக்கும் போகலாம்னு சொல்லுது. சிமோய்ல இன்புட்லேந்து கிரவுண்டுக்கு 100 கிலோஓம் ஒன்னு இருக்கும். 200 நேனோஆம்ப 100 கிலோஓமால பெருக்குனா 20 மில்லிவோல்ட். அத சர்க்யூட்டோட கெயின் 11 மடங்கு பெருக்கும், 220 மில்லிவோல்ட் டிசி (அலையா ஆடாம ஒரே பக்கமா நிக்கற வோல்ட்டு) அவுட்புட்ல வந்து நிக்கும். பாட்டே இல்லாதப்போ கூட அந்த டிசி ஹெட்ஃபோன் வழியா ஓடிகினே இருக்கும், 32 ஓம்ல 7 மில்லிஆம்ப். அது திரும்ப வர்ற வழி எது? அந்த நடுப்புள்ளி. நடுப்புள்ளிய புடிச்சிகினு நிக்கறது ரெண்டு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர், அதால ஒரு மில்லிஆம்ப் சொச்சத்துக்கு மேல தாங்க முடியாது. அதான் ஒரு பக்கமா சாஞ்சிடுச்சி. ஐசி மேல தப்பே இல்ல. 2134க்குன்னு கட்டுன வீட்ல 5532வ குடி வச்சது நான்.

சரி பண்ணது எப்படின்னா, 100 கிலோஓம எடுத்துட்டு 10 கிலோஓம் போட்டேன். அப்போ முன்னாடி இருக்கற 0.1 மைக்ரோஃபாராட கெப்பாசிட்டரையும் 1 மைக்ரோஃபாராடா மாத்தணும், இல்லன்னா கீழ் சுருதி 160 ஹெர்ட்ஸ்லயே வெட்டுப்பட்டு தவில் சத்தமே வராது, இத மறந்துடாதீங்க. கெயின 11லேந்து 3க்கு கொறச்சேன். வாக்மேன் காலத்துல 11 தேவைப்பட்டுருக்கலாம், இப்போ ஃபோன், லேப்டாப் எல்லாம் நல்லாவே சிக்னல் குடுக்குது, கெயின் ஜாஸ்தி வச்சா வால்யூம் திருகு கடிகார முள்ளு கணக்குல எட்டு மணி ஒன்பது மணிக்குள்ளயே நின்னுடும், கூடவே இரைச்சலும் பெருகும். அப்புறம் ஒரு பேட்டரிக்கு பதிலா ரெண்டு பேட்டரி. ரெண்டும் சேர்ற எடம் நிஜமான நடுப்புள்ளி, சாயாது. இந்த மூனையும் பண்ணப்புறம் அதே 5532 அவ்ளோ தெளிவா பாடுச்சி, வீணைல நகம் படற சத்தம் தனியா கேட்டுச்சு, இன்னிக்கும் எனக்கு ரொம்ப புடிச்ச ஐசி அதான். ரெண்டு பேட்டரில ஒரே ஒரு எச்சரிக்க, ஒன்னு முன்ன தீந்துடுச்சின்னா இன்னொரு பக்கத்து டிசி அப்டியே ஹெட்ஃபோன்ல எறங்க வாய்ப்பு இருக்கு, ரெண்டையும் ஒரே நாள்ல மாத்துங்க.

32 ஓம் இயர்ஃபோனுக்கு நான் கடைசியா போய் நின்னது 4556ல. ஜேஆர்சி 4556, 4558க்கு பக்கத்து நம்பர்தான், ஆனா இது 70 மில்லிஆம்ப் வரைக்கும் குடுக்கும். 2011ல என்டபிள்யூஏவிகைங்கற பேர்ல எழுதுன ஒருத்தர் ஓ2ன்னு ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் டிசைன எல்லாருக்கும் வெளிய விட்டாரு, அதுல கரண்டு பலத்த கூட்டறதுக்குன்னு தனியா பஃபர் சிப்பே கெடையாது. இந்த 4556ஓட ரெண்டு பாதியையும் ஒரே சேனலுக்கு போட்டு, ஒவ்வொன்னுக்கும் பின்னாடி 1 ஓம் ரெசிஸ்டர் வச்சி சேத்துட்டாரு. முன்னாடி கெயினுக்கு 2068ன்னு ஒரு ஐசி. அளந்து பாத்து பண்ண டிசைன், நம்ம ஊர் விலைக்கு எட்டக்கூடியது. பேட்டரி தீந்தா ரெண்டு பக்கத்தையும் சேத்து ஆஃப் பண்ற வேலையையும் அதுலயே வச்சிருக்காரு. நான் முழு ஓ2 பண்ணல, அந்த ரெண்டு பாதி சேக்கற யோசனைய மட்டும் எடுத்துகினேன். அந்த 1 ஓம விட்டுடாதீங்க, ரெண்டு பாதிக்கும் நடுல ரெண்டு மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தா கூட ஒன்ன ஒன்னு தள்ளிகினு சூடாகும்.

இதுக்கு நடுல ஆன்லைன்ல விலை கம்மியா வந்துச்சின்னு 2134 பத்து வாங்குனேன். அச்சு பளபளன்னு இருந்துச்சி. போட்டு கேட்டா ஏதோ தூசி படிஞ்ச மாதிரி. எனக்கு காதுமேல சந்தேகம் வந்துச்சே தவிர ஐசி மேல வரல. அப்புறம் 5532ல அடி வாங்குன பாடம் ஞாபகம் வந்து ஒரு சோதனை பண்ணேன், இது நீங்களும் பண்ணுங்க, ஒரு பிரெட்போர்டு, ரெண்டு 9 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டர் போதும். ஐசியோட அவுட்புட்ட மைனஸ் இன்புட்டோட நேரா சேத்துடுங்க, பிளஸ் இன்புட்லேந்து கிரவுண்டுக்கு 1 மெகாஓம் ஒன்னு போடுங்க, அவுட்புட்ல டிசி எவ்ளோன்னு பாருங்க. இன்புட் கால்ல மீட்டர் வைக்காதீங்க, மீட்டரே கணக்க கெடுத்துடும். நிஜ 2134ன்னா ரெண்டு மில்லிவோல்ட்டுக்குள்ள நிக்கணும். 5532ன்னா மைனஸ் 200 மில்லிவோல்ட் இல்ல அதுக்கு மேல. எனக்கு வந்ததெல்லாம் பிளஸ்ல பல பத்து மில்லிவோல்ட் காட்டுச்சி. பிளஸ்ல வந்தா உள்ள பிஎன்பி (5532க்கு எதிர் பக்கமா கரண்டு ஓடற டிரான்சிஸ்டர்) இன்புட், அதாவது 4558 சாதி ஐசிய தேச்சி வேற பேர் அடிச்சி வித்துருக்காங்க. சில பேர் 072வ தேச்சி 2134ன்னு விப்பாங்க, அதுவும் ஃபெட்டுதான், இந்த சோதனைல தப்பிச்சிடும். அதுக்கு பேட்டரி வயர்ல மில்லிஆம்ப் பாருங்க, 2134 ஒரு ஐசிக்கு சுமார் 8 மில்லிஆம்ப் எடுக்கும், 072 மூனுக்குள்ள நின்னுடும். இந்த ரெண்டு அளவும் சரியா இருந்தா ஓரளவு நம்பலாம்.

இப்போ பஃபர். பேட்டரி செலவு கட்டுப்படி ஆகலன்னு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் வச்சி 7812, 7912 போட்டு பிளஸ் மைனஸ் 12 வோல்ட் பண்ணேன். (7812க்கும் 7912க்கும் கால் வரிசை வேற வேற, ஒன்னுல முதல் கால் இன்புட், இன்னொன்னுல முதல் கால் கிரவுண்டு. ஒரே மாதிரி போட்டீங்கன்னா புகைதான்.) பவர் கைல இருக்கே, நல்லதா ஒன்னு பண்ணிடலாம்னு பஃப் 634 ரெண்டு, எல்எம் 4562 ஒன்னு வாங்குனேன். 634 வெறும் பஃபர், வோல்ட்ட பெருக்காது, முன்னாடி ஐசி சொல்றத அப்டியே 250 மில்லிஆம்ப் பலத்தோட தள்ளும். 4562 டேட்டாஷீட் படிச்சாலே ஆசை வரும், டிஸ்டார்ஷன் (சிக்னல் கெடற அளவு) 0.00003 சதவீதம். ஆப்ஆம்ப் முன்னாடி, பஃபர் பின்னாடி, பஃபரோட அவுட்புட்லேந்து ஃபீட்பேக் எடுத்து திரும்ப ஆப்ஆம்புக்கு. அப்போ பஃபர் பண்ற சின்ன தப்பையும் ஆப்ஆம்ப் திருத்திடும். எல்லா புத்தகத்துலயும் இப்டிதான் இருக்கு.

பண்ணி முடிச்சி கேட்டேன், பாட்டு வருது, நல்லாதான் இருக்கு, ஆனா உச்சத்துல ஏதோ மணல் தேய்க்கற மாதிரி ஒரு இது. அந்த ஞாயித்துக்கெழம ஆற்காடு போனேன், பெரியப்பா அங்க முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவரு, டப்பாவ காட்டுனேன். அவரு மீட்டர்லாம் எடுக்கல. மூடிய கழட்டி பாட்டு போடாமயே அஞ்சு நிமிஷம் விட்டாரு, அப்புறம் ஒவ்வொரு ஐசி மேலயும் விரல வச்சாரு.

"இன்னாடா இது, இவ்ளோ சூடா கீது? பாட்டு ஓடுதா?"

"இல்ல பெரியப்பா, சும்மாதான் கீது."

"சும்மா கீற ஐசி சூடாச்சின்னா அது சும்மா இல்லடா. நம்ம காதுக்கு கேக்காத எடத்துல எதையோ பாடிகினு கீது."

அவர் சொன்னது அச்சு அசல் நெஜம். தெரிஞ்ச பையன் ஒருத்தன் பாலிடெக்னிக் லேப்ல இருக்கான், அங்க சிஆர்ஓல (அலைய திரைல காட்டற மிஷின்) போட்டு பாத்தா பாட்டே இல்லாதப்போ அவுட்புட்ல மெகாஹெர்ட்ஸ் கணக்குல அலை ஓடுது. காரணம் வேகம். 4562 55 மெகாஹெர்ட்ஸ் ஐசி. 634ல முதல் கால்ன்னு ஒன்னு இருக்கு, அத சும்மா விட்டா பஃபர் 30 மெகாஹெர்ட்ஸ் வேகத்துல 1.5 மில்லிஆம்ப்ல அடக்கமா ஓடும், மைனஸ் சப்ளையோட சேத்தா 180 மெகாஹெர்ட்ஸுக்கு போகும், 15 மில்லிஆம்ப் எடுக்கும். நான் சும்மா விட்டுருந்தேன். கெயின் 2 வச்சா 4562 கிட்டத்தட்ட 27 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஃபீட்பேக்க புடிச்சிகினு இருக்கும், பஃபரும் அங்கயே மூச்சு வாங்க ஆரம்பிக்குது, திருத்தம் லேட்டா வந்து சேருது, லேட்டா வர்ற திருத்தம் திருத்தமா இருக்காது, ஊஞ்சல தப்பான நேரத்துல தள்ற மாதிரி ஆட்டத்த கூட்டிதான் விடும்.

அங்கயே லேப்ல 4562வ எடுத்துட்டு பைல இருந்த 5532வ சொருகுனேன். சிஆர்ஓல கோடு அமைதியா படுத்துடுச்சி. 10 மெகாஹெர்ட்ஸ் ஐசி, அதே கெயின் 2ல 5 மெகாஹெர்ட்ஸ், பஃபர் அதவிட ஆறு மடங்கு வேகம், சண்டையே இல்ல. ஆப்ஆம்பவிட பஃபர் பல மடங்கு வேகமா இருக்கணும்ங்கறத அன்னிக்கு கண்ணால பாத்தேன். 4562தான் வேணும்னா முதல் கால மைனஸோட சேத்து பஃபர வேகமாக்கணும், பஃபர் இன்புட்ல 100, 200 ஓம் ஒன்னு, 0.1 மைக்ரோஃபாராட செராமிக்க ஐசி காலுக்கு ஒட்டுனாப்ல, ஒரு விரல் கட தூரம்லாம் கூட ஜாஸ்தி. ஆனா 24 வோல்ட்ல 15 மில்லிஆம்ப்னா சும்மா இருக்கும்போதே ஒரு பஃபர் 360 மில்லிவாட் சூடு. நம்ம வேலூர் வெய்யில் உங்களுக்கு சொல்லவேணாம், மே மாசம் ராத்திரி பத்து மணிக்கும் சுவர தொட்டா சுடும், மூடுன டப்பால அந்த சூடு எங்க போகும்? நான் 5532ஓட நிறுத்திகினேன், காதுல ரெண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல.

634 விலை கட்டுப்படி ஆகாதவங்களுக்கு பிடி 139, பிடி 140 ஜோடி இருக்கு, எந்த ஊர் கடைலயும் கெடைக்கும். 5532க்கு பின்னாடி அந்த ஜோடி, நடுல ரெண்டு 4148 டயோடு, எமிட்டர்ல ஆளுக்கு 10 ஓம், ஃபீட்பேக்க வெளி முனைலேந்து எடுக்கணும். டயோட டிரான்சிஸ்டர் முதுகுல ஒட்டி வைங்க, அது சூடாகும்போது இதுவும் சூடாகி கரண்ட கொறைக்கும், தனியா வச்சா ஏறிகினே போகும். மூனாவது டப்பா இப்டிதான் பண்ணேன், 634 போட்டதுக்கு கொஞ்சம் கூட கொறச்சல் இல்ல.

எல்எம்இ 49600ம் அதே 250 மில்லிஆம்ப்தான், ஆனா அதோட உலோக முதுகு மைனஸ் சப்ளை, டப்பால பட்டா ஷார்ட். ஏடி 8397 310 மில்லிஆம்ப் குடுக்கும், பஃபரே வேணாம், ஆனா மொத்தம் 24 வோல்ட்தான் அதோட எல்லை, என் சப்ளை சரியா அந்த ஓரத்துல நிக்குது, அதனால தொடல. எல்எம் 358 வேணவே வேணாம், அலை பூஜ்யத்த தாண்டும்போது தடுக்கும், மெதுவா பாடற எடத்துலதான் அது நல்லா கேக்கும்.

கடைசியா ஒரு பழக்கம். எந்த ஐசி மாத்துனாலும் ஹெட்ஃபோன உடனே சொருகாதீங்க. 33 ஓம் அரை வாட் ரெசிஸ்டர ஹெட்ஃபோன் எடத்துல வச்சி அஞ்சு நிமிஷம் ஓட விட்டு டிசி பாருங்க, 20 மில்லிவோல்ட்டுக்கு மேல இருந்தா எங்கயோ கோளாறு, அப்புறம் பெரியப்பா பண்ண மாதிரி விரல வச்சி பாருங்க. மச்சான் குடுத்த ஹெட்ஃபோன் நாலு வருஷமா ஒழுங்கா இருக்குன்னா இதனாலதான். ஒரு பழைய ஜாக்குல ரெண்டு 33 ஓம சால்டர் பண்ணி, அந்த ஜாக்க டப்பா பக்கத்துலயே நூல்ல கட்டி தொங்க விட்டுருக்கேன்.